மூன்றடிக்கு ஒரு பட்டை

மடுல்சீமைக்கு மேலே, பட்டப்பகலிலேயே மேகம் வாசல்வரை வந்து நிற்கும் உயரத்தில் இருந்தது ஊசிமலைத் தோட்டம். சீமையில் பெரிய சண்டை ஓய்ந்த மறு வருஷம், ஐப்பசி அடைமழையில், அந்தத் தோட்டத்து ஸ்டோருக்குக் கரண்டு வந்துகொண்டிருந்தது. தேயிலை ஆலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அதுவரை ஓடைத் தண்ணீர் ஒரு பெரிய இரும்புச் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் தோல்வாரை இழுக்கும், தோல்வார் மெஷின்களை ஓட்டும். இனிமேல் ஓடைக்கரையில் கட்டிய புது அறையில் தண்ணீர் கரண்டாக மாறி, கம்பி வழியாக ஸ்டோருக்குள் நடந்து வரும் என்றார்கள்.

அந்தக் கம்பி சாதாரணக் கம்பி இல்லை. ரப்பருக்கு மேல் ஈயம் போர்த்தி, கட்டைவிரல் மொத்தத்தில் இருந்தது. பண்டாரவளை வரை ரயிலில் வந்து, பதுளை, பசறை என்று மாட்டுவண்டியில் ஏறி வந்தது. ஒரு சுருளுக்கு ஒரு வண்டி. தேயிலை சலிக்கும் அறையான சல்லடைக் காம்பராவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அறுபதடி நீளத்துக்கு, நாலு கம்பிகள் போக வேண்டும். கம்பி தொங்கக் கூடாது, வளையக் கூடாது, யார் கையிலும் படக் கூடாது. அதற்காகப் பலாப்பலகையில் நீளமான தொட்டி செய்து, இரும்புப் பட்டையில் கோத்து மேலே தொங்கவிட்டிருந்தார்கள். கீழே உட்கார்ந்து வேலை செய்யும் பெண்கள் அதைப் பார்த்து, "இதென்ன, கம்பிக்குத் தொட்டில் கட்டியிருக்காங்க" என்றார்கள். பிறகு எல்லாருக்கும் அது கம்பித் தொட்டிலாகவே போயிற்று.

தொட்டிலைச் செய்தவன் தோட்டத்துத் தச்சன் வீரய்யா. அதன் கீழே உட்கார்ந்து தேயிலையில் குச்சி பொறுக்குகிறவர்களில் ஒருத்தி, அவன் பெண்டாட்டி இராக்கம்மா.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். இராக்கம்மா முறத்தில் இருந்த தேயிலையைப் பரப்பி, செம்பட்டைக் குச்சிகளைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் ஒரு முனகல் கேட்டது. மேல்மாடியில் கொழுந்து கொட்டுகிறார்கள், அதன் சத்தம் என்று நினைத்தாள். அடுத்தாற்போல் ஆணி பிடுங்கும் கிறீச்சு. பக்கத்தில் இருந்த பெரியாயி மேலே பார்த்துவிட்டு, "ஏ இராக்கு, எந்திரி" என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்பில் இராக்கம்மாவின் தலை தப்பியது. தோள் தப்பவில்லை.

பலகையும் ஈயமுமாகத் தொட்டிலின் நடுப்பாகம் வந்து விழுந்தது. தேயிலைத் தூள் புகையாக எழுந்து யாருக்கும் யாரும் தெரியவில்லை. தூசி அடங்கியபோது இராக்கம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இடது கை அவளுடையது இல்லை என்பதுபோல் மடியில் கிடந்தது. மேல்மாடியிலிருந்து ஓடிவந்த வீரய்யா அவளைப் பார்த்தான். பிறகு மேலே, பலகையில் பிய்ந்து நின்ற ஆணித் துளைகளைப் பார்த்தான். அந்த ஆணிகளை அடித்தது அவன்தான்.

மருந்துக்காரய்யா வந்து பார்த்தார். காறை எலும்பு முறிந்திருக்கிறது என்றார். துணியால் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டு, "ஆறு வாரத்துக்கு இந்தக் கையால ஒரு செம்பு தண்ணிகூடத் தூக்கப்படாது" என்று சொல்லிப் போனார்.

அன்று தொழிலாளர் வரிசைவீடான லயத்தில், தங்கள் காம்பராவில் வீரய்யாதான் அடுப்பு மூட்டினான். மழையில் நனைந்த விறகு புகைந்து இரண்டு பேர் கண்ணிலும் நீர் வடிந்தது. ரொட்டி ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் மாவாக இருந்தது. தேங்காய்ச் சம்பலில் உப்பு போட மறந்துவிட்டான். அவள் அதை ஒரு கையால் பிய்த்துத் தின்றாள்.

"வலிக்குதா?"

"வலிக்கத்தான் செய்யும். எலும்பு முறிஞ்சா இனிக்குமா."

அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும் புள்ள."

"என்ன தெரியும்?"

"அது நிக்காதுன்னு தெரியும். மூணடிக்கு ஒரு பட்டை போடணும்னு இத்ரூஸ் நானா சொன்னாரு. பெட்டிய ஒடச்சுப் பாத்தா ஒம்பது பட்டைதான் இருந்துச்சு. டீமேக்கர் ஐயாகிட்டச் சொன்னேன். இருக்கிறதப் பிரிச்சு மாட்டுன்னாரு. ஏழரை அடிக்கு ஒண்ணு வந்துச்சு. உத்திரத்துல தொளை போட்டு போல்ட்டுல முடுக்கறேன்னேன். அதுக்கு நேரம் இல்ல, மேப்பலகையில ஆணி அடின்னாரு. அடிச்சேன்."

"அடிச்சீங்க."

"அடிச்சேன்."

இராக்கம்மா தட்டைக் கீழே வைத்தாள். கோபம் வரவேண்டிய இடம் அது என்று அவளுக்கே தெரிந்தது. வரவில்லை. தோளில் இருந்த வலி மற்ற எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தது.

"பெரியாயி இழுக்காட்டி மண்டையில விழுந்திருக்கும்" என்றாள். "கரண்டு வேற ஓடியிருந்தா?"

அவன் எழுந்து அவள் தட்டைக் கழுவப் போனான்.

இத்ரூஸ் பதுளையிலிருந்து வந்திருந்த பிட்டர். கரண்டு வேலை முழுதும் அவர் பொறுப்பு. தொட்டில் விழுந்த அன்று அவர் ஓடைக்கரையில் மெஷினுக்கு அடித்தளம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அவரும் வீரய்யாவும் ஸ்டோர் வாசலில் நிற்க, ஸ்டோர் முழுதையும் நடத்தும் டீமேக்கர் செல்வநாயகம் குடையை மடக்கியபடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இலை வாடும் வாசனையை வைத்தே இன்னும் எத்தனை மணி நேரம் கிடக்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர். தேயிலையில் அவருக்குத் தெரியாதது இல்லை. கரண்டு அவருக்குப் புதிது. புதிது என்று காட்டிக்கொள்ள அவருக்கு விருப்பம் இல்லை.

"சனிக்கிழமை பின்னேரம் கொழும்பிலயிருந்து பெரிய துரைமார் வருகினம்" என்றார். "அஞ்சு மணிக்கு வெளிச்சம் எரிய வேணும். விழுந்ததைத் திருப்பி ஏத்து. இந்த முறை ஆணியை இரட்டிப்பா அடி."

"ஐயா, ஆணி வேலைக்கு ஆகாதுங்க" என்றான் வீரய்யா.

"ஏன் ஆகாது?"

"மேப்பலகை ஒரு அங்குலம்தாங்க இருக்கு. எத்தன ஆணி அடிச்சாலும் பலகையில எத்தன தொளை வருமோ அதான் மிச்சம். உத்திரத்துல தொளை போட்டு, போல்ட்டு விட்டு மாட்டணும். மூணடிக்கு ஒரு உத்திரம் ஓடுது. ஒவ்வொரு உத்திரத்துலயும் ஒரு பட்டை."

"பட்டை எங்க இருக்கு? கொழும்புக்கு எழுதினா வர ஒரு மாதம்."

இத்ரூஸ் தொண்டையைச் செருமினார். "பட்டைக்கு நான் வழி சொல்றேன் ஐயா. மாட்டுக்கொட்டில் பின்னால ஒடஞ்ச வண்டிச் சக்கரம் ஆறு கிடக்கு. சக்கரத்துப் பட்டா நல்ல இரும்பு. அறுத்து வளைச்சா இன்னும் பன்னண்டு எடுக்கலாம். ஒம்பதும் பன்னண்டும் இருபத்தொண்ணு. அறுபதடிக்குக் கணக்குச் சரி."

"நேரம்?"

"ராப்பகலா நிண்டா முடியும்."

செல்வநாயகம் வீரய்யாவைப் பார்த்தார். "சனிக்கிழமை வெளிச்சம் வராட்டி துரை என்னைத்தான் கேப்பார். நான் உன்ர பேரைத்தான் சொல்லுவன். அப்ப உன்ர பேரை வெட்டினா நான் தடுக்கேலாது. விளங்குதோ?"

பேர் வெட்டினால் வேலை மட்டும் போகாது, காம்பராவும் போகும். எலும்பு முறிந்து கிடக்கும் பெண்டாட்டியோடு மழையில் எங்கே போவது. வீரய்யா மத்தியானம் வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னான். பயத்தை மறைக்கத் தெரியாத முகம் அவனுக்கு.

இராக்கம்மா கேட்டாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னு வந்தேன்."

"என்ன யோசன?"

"பேரு வெட்டிட்டா?"

"வெட்டட்டும். பசறைப் பக்கம் தோட்டம் இல்லியா, ஸ்பிரிங்வெளியில இல்லியா. தச்சன் வேணாம்னு எந்தத் தொர சொல்லுவான்." அவள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். பேசினாலே தோள் குத்தியது. "போன தடவ அவுங்க சொன்னபடி மாட்டுனீங்க. இந்தத் தடவ உங்களுக்குத் தெரிஞ்சபடி மாட்டுங்க. அதுக்கப்புறம் எது நடந்தாலும் ஒங்க மூஞ்சிய நான் பாக்கலாம். என் மூஞ்சிய நீங்களும் பாக்கலாம்."

அவன் சோற்றைக்கூட முடிக்காமல் எழுந்தான். வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். அவன் நடையைப் பார்த்தே இராக்கம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, யோசனை முடிந்தது என்று.

அன்று பிற்பகலே கொல்லுலையில் தீ மூண்டது. இத்ரூஸ் வண்டிப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, மூன்று பக்கச் சட்டமாக வளைத்தார். வீரய்யா அதன் ஓரங்களை அரத்தால் ராவி மழமழவென்று ஆக்கினான். ஓரம் கூராக இருந்தால் நாள்பட்ட அதிர்வில் ஈயத்தை அறுத்துவிடும் என்பது இத்ரூஸ் கணக்கு. தொட்டிலின் உட்பக்கத்தையும் இழைத்து, சிம்பு ஒன்றுகூட இல்லாமல் கையால் தடவிப் பார்த்தார்கள். முதலில் பலகைகளின் இணைப்பு இரண்டு பட்டைக்கு நடுவே வந்திருந்தது. அந்த இணைப்புத்தான் முதலில் வாய் பிளந்தது. இந்த முறை ஒவ்வொரு இணைப்பும் ஒரு பட்டையை ஒட்டியே வரும்படி பலகைகளை அறுத்துத் திருத்தினான்.

உத்திரத்தில் துளை போடுவதுதான் பெரும் பாடு. பழைய மரம், இரும்பாக இறுகியிருந்தது. ஏணிமேல் நின்று தலைக்கு மேல் துளைக்க வேண்டும். ஒரு துளைக்கு ஒரு மணி நேரம் போயிற்று. ஏணி வழுக்காமல் இருக்க அதன் காலைத் தூணில் கட்டினான், தலையை உத்திரத்தில் கட்டினான். அவன் ஏணியில் இருக்கும் நேரம் கீழே ஒருவரையும் நடக்க விடவில்லை. சல்லடைப் பெண்களை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். செல்வநாயகம் ஒருமுறை வந்து பார்த்து, "கட்டுறதுக்கும் அவிழ்க்கிறதுக்குமே அரை நாள் போகுது" என்று முணுமுணுத்தார். வீரய்யா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இராக்கம்மா காம்பராவில் இருக்க மாட்டாமல் தினம் மத்தியானம் சோறு கொண்டு வந்தாள். வலது கையில் தூக்குச்சட்டி, தலைக்கு மேல் கொழுந்து கட்டும் சாக்குப் படங்கு. லயத்திலிருந்து ஸ்டோருக்கு இறக்கம், மழைத்தண்ணீர் போகும் கானு எல்லாம் நிரம்பி ஓடியது. பெரியாயி திட்டினாள். "விழுந்து மத்தக் கையவும் ஒடிச்சுக்க. ரெண்டு பேருக்கும் நாந்தான் ஊட்டணும்."

"நீ ஊட்ட வேணாம். ஒரு வாளித் தண்ணி மட்டும் கொண்டாந்து வையி."

"ஆமா. எனக்கு வேற வேல இல்ல" என்றாள் பெரியாயி. தண்ணீரும் வந்தது, கூடவே கருவாட்டுக் குழம்பும் வந்தது.

வியாழக்கிழமை அந்திக்குள் இருபத்தொரு பட்டையும் ஏறி, தொட்டிலும் ஏறிவிட்டது. கம்பியை வைப்பதற்கு முன் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றார் இத்ரூஸ். கம்பி எவ்வளவு கனமோ, அதைப்போல் இரண்டு மடங்கு. இருபத்துநாலு சாக்கில் ஆற்று மணலை நிரப்பித் தொட்டிலில் வரிசையாக அடுக்கிவிட்டு, ஒவ்வொரு பட்டைக்கும் நேரே சுவரில் கரியால் கோடு போட்டார்கள். கதவைச் சாத்தினார்கள்.

வெள்ளி காலையில் திறந்து பார்த்தபோது இருபது கோடுகள் சரியாக இருந்தன. பதினேழாவது பட்டை அரை விரல் இறங்கியிருந்தது.

செல்வநாயகமும் வந்திருந்தார். "அரை விரல்தானே" என்றார். "மணல் ரெண்டு மடங்கு பாரம். கம்பி வைக்கேக்க இறங்காது."

வீரய்யா ஏணியில் ஏறி உளியால் உத்திரத்தைக் குத்தினான். உளி சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. சுவருக்குள் போகும் முனையில் மழைத் தண்ணீர் கசிந்து, செல் அரித்து, வெளியே மட்டும் மரமாக இருந்தது.

"இத மாத்தணும்ங்க" என்றான் மேலிருந்தே.

"உத்திரத்தை மாத்தவோ? உனக்குப் பைத்தியமோ?"

"முழுசா மாத்தலீங்க. ரெண்டு பக்கமும் புதுச் சட்டம் வச்சு, சேத்துப் போல்ட்டு முடுக்கணும். அந்தப் பக்கத்து உத்திரம் ரெண்டும் நல்லா இருக்கா, அதையும் குத்திப் பாத்துடறேன்."

"நாளைக்குத் துரைமார்."

"தெரியும்ங்க."

அதற்குமேல் அவன் பேசவில்லை. அவனுடைய அந்த மௌனத்தைச் செல்வநாயகத்துக்குப் பிடிக்கவில்லை. எதிர்த்துப் பேசினால் அதட்டலாம். பேசாமல் உளியைத் தட்டிக்கொண்டிருப்பவனை என்ன செய்வது. அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளி முழுதும் மரம் அறுத்து இழைப்பதில் போயிற்று. சனி காலை சட்டங்கள் ஏறின. பாரம் மறுபடி ஏற்றி மத்தியானம் வரை வைத்துப் பார்த்தார்கள். கோடு அசையவில்லை. மணலை இறக்கி, நாலு கம்பியையும் எட்டு ஆள் தோளில் தாங்கி மெதுவாகப் படுக்க வைத்தார்கள். மணி மூன்று. இனிக் கம்பிகளைத் தொட்டிலோடு சேர்த்து வாரால் கட்ட வேண்டும். கோடியில், தேயிலை காய வைக்கும் அடுப்புக் குழாயின் சூடு படாத தூரத்தில், கம்பி முனைகளைப் பெட்டிக்குள் சேர்க்க வேண்டும். முனைகளில் ஈயமும் ரப்பரும் உரிக்கப்பட்டு, செம்பு பளபளவென்று வெளியே நின்றது.

அப்போது ஆள் வந்தது. ஓடை மெஷினை உடனே ஓட்டச் சொல்லி டீமேக்கர் ஐயா உத்தரவு. துரைமார் பங்களாவில் தேத்தண்ணி குடிக்கிறார்களாம். அந்த மெஷினைத் தொடத் தெரிந்தவர் இத்ரூஸ் ஒருவர்தான். அவர் போயே ஆகவேண்டும்.

அவர் சுவிட்சுப் பலகைக்கு முன் நின்று கொஞ்சம் யோசித்தார். பலகையில் வெள்ளைப் பீங்கான் கட்டைகள் மூன்று செருகியிருந்தன. மூன்றையும் பிடுங்கினார். சுவரோரம், தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்த இராக்கம்மாவிடம் வந்தார்.

"தங்கச்சி, இத மடியில வச்சுக்க. இது மூணும் அந்தப் பலகையில இல்லாட்டி கரண்டு இந்தப் பக்கம் வராது. அங்க மெஷின் எவ்வளவு சுத்தினாலும் வராது."

"இருந்தா?"

"இருந்தா, வீரய்யா கையில இருக்கிற செம்புல கரண்டு நிக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவன் எறங்கி வந்து, அவனே கேட்டா குடு. வேற யாருக்கும் குடுக்காத. எனக்கும் குடுக்காத."

இராக்கம்மா அவற்றை முந்தானை முனையில் போட்டு முடிந்து, முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டாள். பீங்கான் சில்லென்று இருந்தது.

நாலரை மணிக்குத் தூரத்தில் ஓடைப்பக்கமிருந்து ஒரு ரீங்காரம் எழுந்தது. மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. மேகம் இறங்கி ஜன்னல்கள் வெளுத்துப் போயின, காம்பராவுக்குள் இருட்டாகிவிட்டது. வீரய்யா லாந்தர் ஒன்றை ஏணியில் மாட்டிக்கொண்டு முனைகளைத் திருகிக்கொண்டிருந்தான். செல்வநாயகம் வேகமாக உள்ளே வந்தார். நேரே சுவிட்சுப் பலகைக்குப் போனார். மூன்று பொந்துகள் காலியாக இருந்தன.

"எங்க அந்தப் பீங்கான்?"

அவர் திரும்பிக் காம்பராவைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆரிட்ட இருக்கு?"

"எங்கிட்ட இருக்குங்க" என்றாள் இராக்கம்மா. எழுந்து நின்றாள்.

"கொண்டா."

"அவரு மேல இருக்காருங்க. எறங்கட்டும்."

"துரைமார் வாசலுக்கு வந்திட்டினம். இங்க பார், பின்னால இருக்கிற விளக்குகளுக்கு மட்டும்தான் போடப் போறன். அவனுக்கு ஒண்டும் ஆகாது. கொண்டா."

அவர் சொல்வது சரியா தப்பா என்று இராக்கம்மாவுக்குத் தெரியாது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதும் அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. அவருக்கும் தெரியாது. போன வாரம் ஆணி போதும் என்று சொன்ன அதே குரல் இது.

"தர மாட்டேங்க."

"என்ன சொன்னனீ?"

"தர மாட்டேன்னு சொன்னேங்க. அவரு எறங்கி வந்து என் கையில கேக்கட்டும்."

ஸ்டோரில் டீமேக்கரிடம் அப்படிப் பேசிய பெண் அதுவரை கிடையாது. அவர் முகம் கறுத்தது. ஒரு எட்டு முன்னே வைத்தார். இராக்கம்மா பின்னே போகவில்லை. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்து, மறுகையால் இடுப்பு முடிச்சைப் பொத்திக்கொண்டு நின்றாள். மேலே வீரய்யாவின் கை நின்றுவிட்டது.

"நீங்க வேலையப் பாருங்க" என்று அவள் மேலே பார்க்காமலே சொன்னாள்.

அந்த நேரம் பூட்ஸ் சத்தம் கேட்டது. தோட்டத்துத் துரை முன்னால் வர, கொழும்பிலிருந்து வந்த இரண்டு துரைமார் பின்னால் வந்தார்கள். துரை இருபது வருஷம் தோட்டத்தில் இருந்தவர், கூலிகளோடு பேசுமளவு தமிழ் வரும்.

"என்னா சங்கதி? ஏன் லைட்டு இல்லே?"

செல்வநாயகம் இங்கிலீஷில் ஏதோ விரைவாகச் சொன்னார். துரை இராக்கம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தோள் கட்டைப் பார்த்தார்.

"நீ ஏன் குடுக்காதே?"

"தொர, எம் புருசன் மேல கம்பியப் புடிச்சிட்டு இருக்காரு. திங்கக்கெழம அந்தத் தொட்டி என் மேல விழுந்துச்சு, கை போச்சு. கை போனா கட்டுப் போடலாம். உசுரு போனா கட்டுப் போட முடியாதுங்க."

துரை நிமிர்ந்து பார்த்தார். லாந்தர் வெளிச்சத்தில் வீரய்யாவின் விரல்களும் அவற்றுக்கு நடுவே செம்பும் தெரிந்தன. பின்னால் நின்ற துரைமாரில் ஒருவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"எத்தனே நேரம்?" என்று துரை மேலே பார்த்துக் கேட்டார். கேள்வி கடுகடுவென்று வந்தது.

"அரை மணிங்க தொர. அதுக்கு மேல ஆவாதுங்க."

"அரை மணி." துரை செல்வநாயகத்தைப் பார்த்தார். டீமேக்கர் தரையைப் பார்த்தார். "நாங்க மாடிக்குப் போய் கொழுந்து பாக்கறது. வந்தா லைட்டு இருக்கணும்." மூவரும் படியேறிப் போனார்கள்.

செல்வநாயகம் மட்டும் நின்றார். இனி ஏதாவது வையப்போகிறார் என்று இராக்கம்மா காத்திருந்தாள். அவர் ஏணியின் அடியில் போய், தூணில் கட்டியிருந்த கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மாடிக்கு ஏறினார்.

அரை மணிக்குக் கொஞ்சம் முன்னதாகவே வீரய்யா பெட்டி மூடியைத் திருகிவிட்டு இறங்கினான். ஏணிக் கயிற்றை அவிழ்த்து, ஏணியை வெளியே கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வந்து கையை நீட்டினான்.

"குடு புள்ள."

"மேல யாரும் இல்லியே?"

"இல்ல."

"ஆயுதம் எதுவும் தொட்டியில வச்சுட்டு வரலியே?"

அவன் எண்ணிப் பார்த்தான். குறடு, திருப்புளி, உளி. "எல்லாம் இருக்கு."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். பீங்கான் மூன்றும் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகியிருந்தன. ஓடைக்கரையிலிருந்து இத்ரூஸ் மூச்சிரைக்க ஓடிவந்து, மூடிய பெட்டியை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்துவிட்டு, வீரய்யாவிடம் அவற்றை வாங்கி ஒவ்வொன்றாகச் செருகிச் சுவிட்சைத் தள்ளினார்.

காம்பராவில் தொங்கிய எட்டு விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. மஞ்சளாக, கண் கூசாமல், அசையாமல். சுவரில் படிந்த தூசி, தரையின் வெடிப்பு, கரிக்கோடு எல்லாம் தெரிந்தன. தொட்டில் சுவருக்குச் சுவர் நேராக, நூல் பிடித்ததுபோல் நின்றது.

மாடியிலிருந்து இறங்கிவந்த கொழும்புத் துரைமார் சந்தோஷமாக ஏதோ சொன்னார்கள். தோட்டத்துத் துரை அவர்கள் கையைக் குலுக்கினார். பிறகு திரும்பி, "பொம்பளை எல்லாம் வரச் சொல்லு" என்றார். "லைட்டுலே வேலை செய்யறது பாக்கணும்."

பெண்கள் மாடிப்படியில் இறங்கி வந்தார்கள். பதினைந்து பேர், ஆளுக்கொரு முறம். கதவு வரை வந்தவர்கள் கதவிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் விளக்கைப் பார்க்கவில்லை. விளக்குக்கு மேலே இருந்த நீளப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை உள்ளே வரச்சொல்லி அதட்டினார். முன்னால் நின்ற பெரியாயி பின்னால் நகர்ந்தாள்.

"நான் போவ மாட்டேன்" என்றாள் மெல்ல. "எங்கண்ணால பாத்தேன்."

துரைக்கு மறுபடியும் முகம் சுருங்கியது. செல்வநாயகம் இரண்டு எட்டு வந்து நின்றார்.

வீரய்யா காம்பராவின் நடுவில் நின்றான். பயப்படாமல் வா என்று சொல்ல அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது. அவன் இராக்கம்மாவைப் பார்த்துவிட்டு உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

இராக்கம்மாவுக்குத் தோள் விண்விண்ணென்று தெறித்தது. அந்த இடத்தைப் பார்க்கும்போதே ஆணி பிடுங்கும் சத்தம் காதில் கேட்டது. போகாமல் இருக்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆறு வாரம் வேலை இல்லை என்று மருந்துக்காரய்யாவே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் இருபத்தொரு பட்டையும் எப்படி ஏறின என்பதை, தினம் மத்தியானம் அந்தச் சுவரோரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தவள் அவள்தான்.

"முறத்தக் குடு" என்றாள் பெரியாயியிடம்.

"ஒனக்குக் கை இருக்கா, பொறுக்க?"

"ஒண்ணு இருக்குல்ல."

முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். பதினேழாவது பட்டைக்கு நேர் கீழே, புதுச் சட்டத்தின் மரவாசனை இன்னும் இறங்கிக்கொண்டிருந்த இடத்தில், சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள். முறத்தை முன்னால் வைத்தாள். மேலே பார்க்கவில்லை. ஒரு கையால் தேயிலையைப் பரப்பினாள். இந்த வெளிச்சத்தில் குச்சி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

மூன்று குச்சி எடுத்தாள். நாலாவதை எடுக்கும்போது பக்கத்தில் சேலை உரசியது. பெரியாயி உட்கார்ந்து, "தள்ளி உக்காரு" என்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்துகொண்டிருந்தார்கள்.